ஆர்டர் வேறு, விற்பனை வேறு



நாங்கள் விருதுநகரில் மூன்று தலைமுறையாக எண்ணெய், பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு சரி. அதற்குப் பிறகு கல்லாதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கு வைத்து ஆராய்ந்தவர்களைப் பற்றி இந்த இதழில் எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று யாரேனும் கேட்டால், எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு. ஓர் ஆண்டு லாபத்தை இழந்த பிறகுதான் அந்த ஆராய்ச்சி எங்கள் கண்ணில் பட்டது. முன்னரே பட்டிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், முப்பது வருட உறவு ஒன்றும் மிஞ்சியிருக்கும்.

நடந்ததைச் சொல்கிறோம்.

2022 பிப்ரவரி 24-ல் உக்ரைன் போர் தொடங்கியது. சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடுமாறியது. உடனே எல்லோரும் பாமாயில் பக்கம் திரும்பினார்கள். அந்த நேரம் பார்த்து, உலகிலேயே அதிகமாகப் பாமாயில் உற்பத்தி செய்யும் இந்தோனேசியா, ஏப்ரல் 28 முதல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. கடைகளுக்குச் செய்தி வந்த அன்றிலிருந்து எங்கள் போன் ஓயவில்லை. வழக்கமாக வாரத்துக்கு 300 டின் பாமாயில் கொடுக்கும் எங்களிடம், அந்த வாரம் கேட்டது 1,100 டின். இருப்பு எங்கே இருக்கிறது? கேட்டதில் கால் பங்கு கொடுத்தோம். அடுத்த வாரம், நாற்பது கேட்டுப் பத்து பெற்றவர் எண்பது கேட்டார்.

நாங்கள் என்ன நினைத்தோம்? விற்பனை நாலு மடங்கு ஆகிவிட்டது என்று நினைத்தோம். உச்ச விலையில் மூன்று லாரி சரக்குக்குப் பேசி முன்பணம் கொடுத்தோம். மே 23-ல் இந்தோனேசியா தடையை நீக்கியது. ஜூன், ஜூலையில் விலை மளமளவென்று இறங்கியது. லாரிகள் வந்து சேர்ந்தபோது கடைக்காரர்கள் போனை எடுத்து, "இருக்கிறது அண்ணாச்சி, விற்கட்டும், பிறகு சொல்கிறோம்" என்றார்கள். குடோனில் டின்கள் கூரை வரை நின்றன.

எங்களுக்குக் கோபம் வந்தது. கேட்டுவிட்டு எடுக்காமல் போனால் இது என்ன வியாபாரம் என்று நேரிலேயே கேட்டோம். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், எங்கள் தகப்பனார் காலத்தில் பற்று வைக்கத் தொடங்கியவர். அவரிடமும் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டோம். அவர் பதில் பேசவில்லை. மறுவாரம் வந்து, பாக்கி முழுவதையும் எண்ணி வைத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு போனார்.

அந்தத் தீபாவளிக்குச் சென்னையில் நிர்வாகப் படிப்புப் படிக்கும் எங்கள் தம்பி மகள் வந்திருந்தாள். குடோனைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள். "பெரியப்பா, கடைக்காரங்க மேலயும் தப்பு இல்ல, உங்க மேலயும் தப்பு இல்ல. நடுவுல போற சேதியிலதான் தப்பு. இத அமெரிக்காவுல அறுபது வருஷத்துக்கு முன்னாலயே கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க" என்றாள். சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் எண்ணினோம்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு தொழிற்சாலை

அவள் சொன்ன ஆள் ஜே ஃபாரஸ்டர். 1918-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் மாட்டுப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி. என்பார்கள்) ஆரம்ப காலக் கம்ப்யூட்டர்களில் ஒன்றை உருவாக்கியவர். 1956-ல் அதே கழகத்தின் நிர்வாகப் பள்ளிக்கு வந்தார்.

ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆட்கள் அவரிடம் ஒரு குறையைச் சொன்னார்கள். கென்டக்கி மாநிலத்தில் உள்ள அவர்களது வீட்டு உபயோகச் சாதனத் தொழிற்சாலைகளில் சில சமயம் மூன்று ஷிப்ட் ஓடும், ஓவர்டைம் போடுவார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால் பாதிப் பேரை வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்கள். நாட்டின் பொருளாதார ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று நிர்வாகம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஃபாரஸ்டர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்தி பிரித்தார். ஒன்றில் இருப்பு, ஒன்றில் கைவசமுள்ள ஆர்டர், ஒன்றில் ஆட்கள். இருப்பு இவ்வளவு குறைந்தால் இவ்வளவு ஆள் எடுப்போம் என்று நிர்வாகிகள் சொன்ன விதிகளையே வைத்துக்கொண்டு, வாரம் வாரமாகப் பென்சிலால் கணக்குப் போட்டார். வருகிற ஆர்டர் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக இருப்பதாக வைத்துக்கொண்டாலும், உள்ளே ஆள் எண்ணிக்கை ஏறி ஏறி இறங்கியது. வெளியே புயல் இல்லை. கப்பல் தன்னாலேயே ஆடியது.

பிறகு இதே கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். 1958-ல் கட்டுரையாகவும் 1961-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். சில்லரைக் கடை, விநியோகஸ்தர், தொழிற்சாலைக் கிடங்கு என்று அடுக்கி, கடையில் விற்பனை 10 சதவீதம் மட்டும் கூடினால் என்ன ஆகும் என்று பார்த்தார். கடைசியில் தொழிற்சாலையின் உற்பத்தி அதைப்போல் நாலு மடங்குக்கும் மேல் எகிறி, பிறகு பள்ளத்தில் விழுந்தது.

மாதிரி என்று அவர்கள் சொல்வது இவ்வளவுதான். ஒரு நிறுவனத்தில் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள், அந்தச் செய்தி போய்ச் சேர எத்தனை நாள் ஆகிறது, கேட்டவர் எந்த விதிப்படி முடிவு எடுக்கிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அந்த விதிகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து ஓடவிட வேண்டும். நாம் பேரேட்டில் போன வருடத்தைப் பார்க்கிறோம். இவர்கள் நடக்காத வருடத்தையும் எழுதிப் பார்க்கிறார்கள்.

வியாபாரி மனசைக் கம்ப்யூட்டர் அறியுமா?

நாங்கள் இதைத்தான் கேட்டோம். நாற்பது வருட அனுபவத்தில் மூக்கால் மோப்பம் பிடித்து விலை போடுகிறோம், அதை எப்படிக் கம்ப்யூட்டரில் எழுத முடியும்?

அதற்கும் பதில் வைத்திருந்தாள். ரிச்சர்டு சயர்ட், ஜேம்ஸ் மார்ச் என்ற இரு பேராசிரியர்கள் 1963-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் ஒரு பிரிவில் விலை எப்படிப் போடுகிறார்கள் என்று கவனித்து எழுதியிருக்கிறார்கள். அங்கே சாதாரணச் சரக்குக்கு விதி இதுதான்: அடக்க விலையை 0.6 ஆல் வகு, வரும் தொகையைப் பக்கத்தில் உள்ள 95 சென்ட்டில் கொண்டுபோய் முடி. அதாவது 9 டாலர் அடக்கம் என்றால் 15 டாலர் வரும், 14.95 என்று சீட்டு ஒட்டு. இதுபோன்ற விதிகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, 197 சரக்குகளுக்கு விலை போடச் சொன்னார்கள். 188-க்கு, அங்காடிக்காரர் போட்ட விலையையே ஒரு சென்ட் கூடப் பிசகாமல் போட்டது.

அங்காடிக்காரர் அனுபவம் இல்லாதவர் என்று இதற்கு அர்த்தம் ஆகாது. அனுபவம் காலப்போக்கில் பழக்கமாக உறைந்து விதியாகிவிடுகிறது. நாமும் அப்படித்தானே? டின் இருபதுக்குக் கீழே வந்தால் ஐம்பது சொல், பண்டிகை என்றால் ஒன்றரை மடங்கு சொல் என்று கை தானாக எழுதுகிறது. விதி நல்லதாக இருந்தால் கடை ஓடும். விதியில் ஓட்டை இருந்தால், எத்தனை கெட்டிக்காரர் உட்கார்ந்தாலும் அதே ஓட்டையில் காசு ஒழுகும்.

புளியங்கொட்டை வைத்து ஒரு விளையாட்டு

எம்.ஐ.டி.யில் ஃபாரஸ்டர் கூட்டத்தார் இந்தக் கணக்கை ஒரு விளையாட்டாகவும் ஆக்கினார்கள். அங்கே பீர் பெட்டி வியாபாரம் என்று வைத்து விளையாடுவார்கள். 2023 பொங்கல் கழிந்து, எங்கள் சங்கக் கட்டிடத்தில் எண்ணெய் டின் என்று மாற்றி, டின்னுக்குப் புளியங்கொட்டை வைத்து நாங்களும் விளையாடினோம்.

நாலு இருக்கை. சில்லரைக் கடை, மொத்தக் கடை, விநியோகஸ்தர், ஆலை. ஒவ்வொருவர் முன்னாலும் 12 கொட்டை இருப்பு. ஒவ்வொரு சுற்றும் ஒரு வாரம். சில்லரைக் கடைக்காரர் மட்டும் வாடிக்கையாளர் சீட்டை எடுத்துப் பார்ப்பார். அவர் மொத்தக் கடைக்கு ஆர்டர் எழுதுவார், மொத்தக் கடை விநியோகஸ்தருக்கு, விநியோகஸ்தர் ஆலைக்கு. ஆர்டர் போய்ச் சேரவும் காலம் ஆகும், சரக்கு வந்து சேரவும் காலம் ஆகும். யாரும் யாரோடும் பேசக்கூடாது, எண் எழுதிய சீட்டு மட்டும் போகலாம். மீதம் இருக்கும் ஒவ்வொரு டின்னுக்கும் வாரம் அரை ரூபாய் செலவு. கொடுக்க முடியாமல் நிற்கும் ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு ரூபாய்.

உட்கார்ந்தவர்கள் நாலு பேரும் கரைகண்டவர்கள். மொத்தக் கடை இருக்கையில் ஒரு பருப்பு வியாபாரி, ஆலை இருக்கையில் ஒரு எண்ணெய்ச் செக்கு முதலாளி. முதல் நாலு வாரம் அமைதி. பிறகு சில்லரைக் கடைக்காரர் இருப்பு குறைவதைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார். சரக்கு வரவில்லை. இன்னும் கூட்டினார். மொத்தக் கடையில் இருப்பு தீர்ந்தது, அவர் தம் பங்குக்கு இன்னும் கூட்டினார். பதினைந்தாவது வாரம் ஆலைக்கு வந்த சீட்டில் 40 என்று எழுதியிருந்தது. இருபதாவது வாரத்துக்குப் பிறகு எல்லோர் முன்னாலும் கொட்டை குவிந்தது, ஆர்டர் பூஜ்யம், பூஜ்யம் என்று வந்தது. பருப்பு வியாபாரி சீட்டை வீசிவிட்டு, "இந்தக் கடைக்காரருக்குப் பைத்தியமா? ஒரு வாரம் முப்பது, ஒரு வாரம் ஒன்றுமில்லையா?" என்று சத்தம் போட்டார்.

அவர் போட்ட சத்தம், 2022 ஜூலையில் நாங்கள் போட்ட அதே சத்தம்.

பிறகு தம்பி மகள் வாடிக்கையாளர் சீட்டுகளை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினாள். முதல் நாலு வாரம் 4, ஐந்தாவது வாரத்திலிருந்து கடைசிவரை 8, 8, 8, 8. ஒரே ஒரு முறை ஏறி, அப்படியே நின்றிருக்கிறது. மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

எங்களுக்கு மட்டும் இப்படி ஆகவில்லை. ஜான் ஸ்டெர்மன் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர் 1989-ல் இந்த விளையாட்டின் முடிவுகளை ஆராய்ந்து எழுதினார். படித்த மாணவர்களும் கம்பெனி அதிகாரிகளும் விளையாடியதில், சராசரிச் செலவு அவசியமான செலவைப்போல் பத்து மடங்கு ஆகியிருந்தது. ஆட்டம் முடிந்து, வாடிக்கையாளர் எப்படி வாங்கியிருப்பார் என்று வரைந்து காட்டச் சொன்னால், பெரும்பாலோர் மலையும் பள்ளமுமாக வரைந்தார்களாம். ஆட்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டினார்கள்.

ஸ்டெர்மன் கண்டுபிடித்த முக்கியமான ஓட்டை ஒன்று உண்டு. எல்லோரும் கையில் உள்ள இருப்பைப் பார்க்கிறார்கள். சொல்லிவிட்டு இன்னும் வந்து சேராத சரக்கை மறந்து விடுகிறார்கள். போன வாரம் சொன்ன ஐம்பது வழியில் வந்துகொண்டிருக்கும், இந்த வாரமும் குடோன் காலியாகத் தெரிகிறதே என்று மறுபடி ஐம்பது எழுதுவார்கள். நம்மில் எத்தனை பேர் இதைச் செய்ததில்லை?

சாட்டையின் நுனி

குழந்தைகளுக்குக் கட்டும் டயாபரை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் வாரம் வாரம் ஏறுக்கு மாறாகப் பயன்படுத்துவதில்லை. ஆனாலும் பிராக்டர் அண்டு கேம்பிள் கம்பெனியார் தங்கள் பாம்பர்ஸ் சரக்குக்கு விநியோகஸ்தர்களிடமிருந்து வரும் ஆர்டர் கன்னாபின்னாவென்று ஏறி இறங்குவதைக் கண்டார்கள். அதற்குச் சாட்டை வீச்சு என்று பெயர் வைத்தார்கள். கைப்பிடியில் சிறிய அசைவு, நுனியில் பெரிய வீச்சு.

1997-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் இதற்கு நாலு காரணம் சொன்னார்கள். நம் தொழிலுக்குப் பொருத்திச் சொல்கிறோம்.

முதலாவது, வந்த ஆர்டரையே விற்பனை என்று எடுத்துக்கொண்டு, அதன்மேல் நம் பங்குக்கு ஒரு பாதுகாப்பைச் சேர்ப்பது. கடைக்காரர் இரண்டு டின் கூட்டினால் நாம் ஐந்து கூட்டுகிறோம், நமக்கு மேலே இருப்பவர் பத்து கூட்டுகிறார்.

இரண்டாவது, லாரி நிறையட்டும் என்று காத்திருந்து மொத்தமாகச் சொல்வது. தினமும் விற்பது நாம், மாதம் ஒருமுறை கேட்பதும் நாம். மேலே உள்ளவருக்கு மாதத்தில் மூன்று வாரம் பஞ்சம், ஒரு வாரம் திருவிழா.

மூன்றாவது, விலைச் சலுகை. மாதக் கடைசியில் பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்று சேல்ஸ்மேன் வந்து நிற்பார். தேவை இருக்கிறதோ இல்லையோ எடுத்து அடுக்குகிறோம். அடுத்த மாதம் முழுவதும் கேட்க மாட்டோம். கம்பெனியோ சோப்பு விற்பனை விழுந்துவிட்டது என்று எண்ணி மறுபடி சலுகை போடும்.

நாலாவது, தட்டுப்பாட்டுக் காலத்தில் கூட்டிக் கேட்பது. கேட்டதில் கால் பங்குதான் கிடைக்கும் என்று தெரிந்தால், வேண்டியதைப்போல் நாலு மடங்கு கேட்பதுதானே புத்திசாலித்தனம்? கேட்பவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். பங்கிடுகிறவர் வைத்த விதி அவரை அப்படிக் கேட்க வைக்கிறது. 2022-ல் அந்த விதியை வைத்தவர்கள் நாங்கள்தான்.

இதற்கு அவர்கள் சொல்லும் மருந்து எளிது. தட்டுப்பாட்டில் ஆர்டரைப் பார்த்துப் பங்கிடாதே, முன்பு அவர் விற்றதைப் பார்த்துப் பங்கிடு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கார்களை அப்படித்தான் பங்கிட்டு வந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

நம் கடைக்குள்ளேயே போகாத சேதி

கடைக்கும் கடைக்கும் நடுவில் மட்டும் சேதி கெடுவதில்லை. ஒரே கூரைக்குள்ளும் கெடுகிறது. எம்.ஐ.டி.யில் அலெக்ஸ் பவேலாஸ் என்பவரும் அவர் மாணவர் ஹரால்டு லெவிட்டும் செய்த சோதனை ஒன்று 1951-ல் வெளிவந்தது. ஐந்து பேரைத் தடுப்பு வைத்த மேசையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் சில அடையாளங்கள் உள்ள அட்டை. எல்லோரிடமும் உள்ள பொது அடையாளம் எது என்று சீட்டு அனுப்பிக் கண்டுபிடிக்க வேண்டும். சில குழுவில் எல்லாச் சீட்டும் நடுவில் ஒருவருக்குத்தான் போகலாம், வண்டிச் சக்கரத்தின் குடம் மாதிரி. சில குழுவில் ஒவ்வொருவரும் இரு பக்கத்தாரோடும் பேசலாம், வட்டம் மாதிரி.

சக்கரக் குழுவினர் வேகமாக முடித்தார்கள், சீட்டும் கொஞ்சம்தான் செலவானது. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வேலையில் பிடிப்பே இல்லை. வட்டக் குழுவினர் தப்புச் செய்தார்கள், ஆனால் தாமே திருத்திக்கொண்டார்கள், மகிழ்ச்சியாகவும் இருந்தார்கள். பின்னர் செய்த சோதனையில், பெயர் சொல்ல முடியாதபடி நிறம் கலங்கிய கோலிக்குண்டுகளைக் கொடுத்தபோது, வட்டத்தினர் பேசிப் பேசிச் சமாளித்தார்கள். சக்கரத்தினர் தடுமாறினார்கள்.

நம் கடைகள் எல்லாம் சக்கரம்தான். நடுவில் கல்லா. தினசரி வேலைக்கு அதுவே வேகம். ஆனால் காலம் கலங்கும்போது என்ன ஆகிறது? எங்களிடம் லைனுக்குப் போகும் தம்பி ஒருவர் இருக்கிறார். 2022 மே மாதமே கடைகளின் பின்கட்டில் டின்கள் அடுக்கியிருந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டோம். "நீங்க வசூலைத்தானே கேட்டீங்க முதலாளி" என்றார்.

சொன்னால் ஆபத்து இல்லையா?

சரி, விற்பனையையும் இருப்பையும் மேலே உள்ளவருக்குச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்பது சுலபம். எந்தக் கடைக்காரர் சொல்வார்? விற்பனை தெரிந்தால் விலை ஏற்றுவார்களோ, இருப்பு தெரிந்தால் கடனை நெருக்குவார்களோ, எதிர்க்கடைக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானதுதான்.

இத்தாலியில் பார்மா நகரின் பாரில்லா கம்பெனி, கோதுமையில் செய்யும் பாஸ்தாவுக்குப் பேர் பெற்றது. பாஸ்தா அங்கே நமக்கு அரிசி மாதிரி, வீடுதோறும் தினமும் வேகும். ஆனாலும் விநியோகஸ்தர்களின் ஆர்டர் வாரத்துக்கு வாரம் தலைகீழாக மாறியது. 1980-களின் இறுதியில் அக்கம்பெனி அதிகாரி ப்ராண்டோ வித்தாலி, ஆர்டரே வேண்டாம், தினமும் எவ்வளவு வெளியே போனது, எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், எவ்வளவு அனுப்புவது என்று நாங்கள் முடிவு செய்கிறோம் என்று யோசனை வைத்தார். விநியோகஸ்தர்கள் மறுத்தார்கள். எங்கள் குடோனில் என்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதா என்றார்கள். கம்பெனியின் விற்பனைப் பிரிவிலேயே எதிர்ப்பு இருந்தது. முதலில் தங்கள் சொந்தக் கிடங்கில் நடத்திக் காட்டிய பிறகுதான் வெளியார் ஒவ்வொருவராக இசைந்தார்கள்.

எவ்வளவு அனுப்புவது என்பதை மேலே உள்ளவர் முடிவு செய்யும் முறையை நாங்கள் சிபாரிசு செய்யவில்லை. கடைக்காரர் கையில் கொள்முதல் இருக்க வேண்டும், அதுதான் அவர் சுதந்திரம். ஆனால் சேதியைத் தருவதும் அதிகாரத்தைத் தருவதும் வேறு வேறு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சேதி தெரிந்துவிட்டால் ஆட்டம் அடியோடு நின்றுவிடாது. ராச்சல் க்ரோசன், கேரன் டோனஹ்யூ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் வெளியிட்ட சோதனையில், கடை விற்பனை விவரம் எல்லோருக்கும் தெரிந்தபோது மேலே உள்ளவர்களின் ஆட்டம் குறைந்தது, ஆனால் மறையவில்லை. வழியில் உள்ள சரக்கை மறக்கும் மனிதப் பழக்கம் அப்போதும் கூடவே இருந்தது. கம்ப்யூட்டர் மாதிரிக்குப் பண்டிகை தெரியாது, மழை தெரியாது, யார் நாணயமானவர் என்பதும் தெரியாது. எந்தப் பக்கம் சாயும் என்று மட்டும் காட்டும். மீதியை வியாபாரிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் செய்த மாற்றம்

2023 சித்திரை முதல் நாங்கள் செய்துவருவது இதுதான். சனிக்கிழமை மாலைக்குள் கடைக்காரர் மூன்று எண்கள் அனுப்புகிறார். இந்த வாரம் விற்றது, கையில் இருப்பது, வேண்டியது. துண்டுச் சீட்டிலும் தரலாம், போனிலும் சொல்லலாம். பதிலுக்கு நாங்கள் மூன்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த எண்களை வேறு எந்தக் கடைக்கும் காட்ட மாட்டோம். அதை வைத்துக் கடன் தவணையைக் குறைக்க மாட்டோம். தட்டுப்பாடு வந்தால், கேட்டதை வைத்துப் பங்கிடாமல் கடைசி எட்டு வாரச் சராசரி விற்பனைப்படி பங்கிடுவோம். எங்கள் இருப்புப் பதிவேட்டில் "வழியில்" என்று ஒரு பத்தியைச் சிவப்பு மையில் சேர்த்திருக்கிறோம். லைனுக்குப் போகும் தம்பி திரும்பி வந்ததும், வசூலுக்கு முன்னால், என்ன பார்த்தாய் என்றுதான் கேட்கிறோம்.

சுமார் அறுபது கடைகளில் முதல் ஆண்டு சம்மதித்தவை இருபத்திரண்டு. மற்றவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

2024 செப்டம்பர் 14 முதல் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை உயர்த்தியது. கச்சா எண்ணெய்க்கு அடிப்படை வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம் ஆனது. பழையபடி போன் ஓயவில்லை. ஆனால் இந்த முறை மூன்று எண்கள் கையில் இருந்தன. ஆர்டர் இரண்டரை மடங்கு, விற்பனை முன்பு இருந்த அளவேதான். சராசரிப்படி பங்கிட்டோம், கூடுதல் லாரி பேசவில்லை. சீட்டுத் தந்த கடைகளில் ஒரு நாளும் டின் தீரவில்லை. மூன்றாவது வாரம் அந்தக் கடைகளின் ஆர்டர் தானாகவே இறங்கி விற்பனைக்கு வந்து நின்றது. எப்படியும் பங்கு கிடைக்கும் என்று தெரிந்தவர் எதற்குக் கூட்டிக் கேட்பார்?

உண்மையை மறைக்காமல் சொல்வதானால், அந்த முறை விலை ஏறித்தான் இருந்தது. மூன்று லாரி வாங்கிப் பதுக்கியிருந்தால் லாபம் கண்டிருப்போம். அது யூக வியாபாரம். அதில் இறங்க விரும்புகிறவர் தெரிந்து இறங்கட்டும். கடைக்காரரின் ஆர்டரை விற்பனை என்று தப்பாகப் படித்து, தெரியாமல் அதில் விழுவதுதான் கூடாது என்கிறோம்.

இன்று கடைக்காரர் கையில் போன் இருக்கிறது, பில் போடும் மிஷின் இருக்கிறது. பெரிய சங்கிலிக் கடைகள் ஒவ்வொரு பொட்டலத்தின் விற்பனையையும் அன்றன்றே மேலே சொல்லிவிடுகின்றன. அவர்களுடைய பலத்தில் பாதி அதில் இருக்கிறது. நாம் அறுபது பேர் அறுபது இருட்டறையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் ஊகித்துக்கொண்டிருந்தால், விலையில் மட்டும் போட்டி போட்டு எத்தனை நாள் தாங்குவோம்?

சங்க உறுப்பினர்கள் ஊர்தோறும் ஒரு மாலை கூடி, நாலு பேர் புளியங்கொட்டை வைத்து அந்த விளையாட்டை ஆடிப் பாருங்கள். முக்கியமாக, கடைக்காரர் மொத்த வியாபாரியின் இருக்கையிலும், மொத்த வியாபாரி கடைக்காரர் இருக்கையிலும் மாறி உட்காருங்கள். ஒருவர் மேல் ஒருவர் வைத்திருக்கும் வருத்தத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

கணக்கை முடித்துக்கொண்டு போன அந்த அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கடைக்காரரை, 2023 ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தோம். அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, அன்னிக்கு நான் கேட்டது அறுபது டின். எனக்கு வேண்டியது பதினஞ்சு. உனக்கு எவ்வளவுப்பா விக்கிதுன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவர் இன்னும் எங்களிடம் கணக்குத் திறக்கவில்லை. ஆனால் அன்று முதல் எங்கள் கடையில் போனை எடுக்கிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு வேண்டும் என்பதற்கு முன்னால், எவ்வளவு விற்றது என்றுதான் கேட்கிறார்.

வாழ்க வணிகர் ஒற்றுமை!